வயசுப் பையன் காலில் ஸ்டென்ட் வைக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

நீலகிரிக்காரர்கள் கவனத்துக்கு. பீடி சிகரெட் தொடாத, சர்க்கரை இல்லாத பிள்ளைக்கு மேடு ஏறினால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் இதைப் படித்துவிட்டு மலை இறங்குங்கள்.

என் தம்பிக்கு 23 வயது. குன்னூரில் ஃபுட்பால் ஆடுகிறவன். வலது காலுக்கு இதே வலி. கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது, உடனே ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துவைக்கும் கம்பிச்சுருள்) வைக்காவிட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று மிரட்டினார்கள். அம்மா சங்கிலியை அடகு வைத்தார். இந்த வயதில் ஏன் சுருங்கியது என்று கேட்டதற்கு "கொழுப்புதான்" என்றார் டாக்டர். கொழுப்பு சரியாக இருக்கிறது என்ற ரிப்போர்ட் அவர் மேஜையிலேயே கிடந்தது.

சில மாதத்தில் ஸ்டென்ட் நசுங்கி அடைத்துக்கொண்டது.

பிறகு அரசு மருத்துவமனையில் ரத்தநாள அறுவை மருத்துவரிடம் போனோம். அவர் இடது பாதத்தில் விரலை வைத்துக்கொண்டு, பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். துடிப்பு நின்றுபோனது. நல்ல கால்களிலும் சில சமயம் இப்படி ஆகுமாம், அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்தார். கெண்டைச் சதை பிறவியிலேயே இடம் மாறி ஒட்டி, இரண்டு காலிலும் ரத்தக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. பாப்லிட்டியல் என்ட்ராப்மென்ட் என்று பெயர். அபூர்வம்தான், ஆனால் 1879லேயே எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர் எழுதிவைத்த விஷயம்.

வெளியிலிருந்து சதை நெரிக்கும்போது உள்ளே கம்பிச்சுருள் வைத்து என்ன பயன்? ஹோஸ் மேல் காட்டெருமை நிற்கும்போது ஹோஸுக்குள் ஸ்பிரிங் விடுகிற கதைதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் அந்தச் சதையை வெட்டி விடுவித்தாலே போதும். தம்பியின் இடது காலுக்கு அவ்வளவுதான் செய்தார்கள். வலது காலில் குழாயே கெட்டுப்போயிருந்ததால், அவன் காலிலிருந்தே சிரை எடுத்து பைபாஸ் போடவேண்டி வந்தது. அந்த ஸ்டென்ட் இல்லாவிட்டாலும் பைபாஸ் தேவைப்பட்டிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

சுருங்கியதற்குக் காரணம் என்ன, பாதத்தை அழுத்தவைத்து டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) பார்த்தீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். புகைபிடிக்கிற இளைஞர் என்றால் கதை வேறு. அது பர்ஜர் நோயாக, அதாவது புகையால் கைகால் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோயாக இருக்கலாம், புகையை அடியோடு விடுவதுதான் அதற்கு முதல் மருந்து.

ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) பதிந்த சிடியைக் கையோடு வாங்கிவிடுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எங்களுக்கு இன்னும் தரவில்லை. மாவட்ட சுகாதார இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.