ரெசிஸ்டன்ஸ் பேண்ட்: கீமோ காலத்துக்கு டம்பெல்லைவிட நல்லது, ஆனால் பிடிதான் சிக்கல்

புற்றுநோய்க்காகக் கீமோவிலோ கதிர்வீச்சிலோ இருப்பவர் தசை வலுப் பயிற்சி தொடங்க ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனும் ஒரு தட்டையான ரப்பர் பட்டை போதும். நீளம் ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால் உயரமானவர்களுக்குப் பாதத்தில் மாட்டியதும் இழுக்க மிச்சமே இருக்காது.

பிசியோதெரபி அறைகளில் எந்தப் பட்டையையும் 'தெராபேண்ட்' என்றே சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது ஒரு கம்பெனியின் பெயர். அந்தப் பட்டையை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் ஏறக்குறைய 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6 கிலோ எதிர்விசை தரும். இந்த நிறக் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவல்ல. வேறொரு கம்பெனியின் மஞ்சள் இதைவிட இறுக்கமாக இருக்கலாம். அதனால் பாதியில் கம்பெனியை மாற்றினால் மறுபடி இலேசானதிலிருந்தே தொடங்குங்கள். ஐந்து நிறம் சேர்ந்த செட் வீண்செலவு. சிகிச்சை முடியும்வரை பலருக்கு மஞ்சளும் சிவப்பும் தாண்டத் தேவைப்படாது.

டம்பெல்லைத் தூக்கிய நொடியிலேயே முழுப் பாரமும் கையில் இறங்கிவிடும். பட்டையில் இழுக்க இழுக்கத்தான் பாரம் ஏறும். மருந்து ஏறிய மறுநாள் அசதி அடித்துப்போட்டால் பாதித் தூரம் இழுத்து விட்டுவிடலாம். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு வசதி: குளிர்ந்த இரும்பைத் தொட்டாலே விரல் சுரீர் என்று குத்தும் நாட்களில் ரப்பர் அந்தத் தொல்லை தராது.

குறை பிடியில்தான். பாக்லிடாக்சல் போன்ற மருந்தால் விரல் மரத்துப்போனவருக்குப் பட்டை நழுவுவதே தெரியாது. நழுவாமலிருக்கக் கையில் மூன்று சுற்று இறுக்கிச் சுற்றுகிறார்கள். அக்குள் நிணநீர்க் கணு எடுத்த பக்கத்துக் கையில் அப்படிச் சுற்றவே கூடாது. கேப்சிடபைன் மாத்திரை எடுத்து உள்ளங்கை சிவந்து உரிபவருக்கோ அந்த உரசலே புண்ணாகும். பஞ்சு சுற்றிய கைப்பிடி தனியாகக் கிடைக்கும். பட்டையோடு சேர்த்தே அதையும் வாங்குங்கள்.

கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையின் நடுவை இரு பாதத்துக்கும் அடியில் வைத்து, முழங்கைகளைப் பின்னால் இழுப்பது நல்ல தொடக்கம். வழுக்காத செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸில் வழுக்கினால் பட்டை நேராக முகத்துக்கு வரும். 8 முதல் 15 முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள். 2019-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு வெளியிட்ட பரிந்துரையும் ஏறக்குறைய இதுதான். இழுப்பதை எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். கெடுவது திரும்பும்போது: சட்டென்று விட்டுவிடுகிறார்கள். திரும்ப மூன்று எண்ணிக்கை எடுங்கள், பயனில் பாதி அங்கேதான் இருக்கிறது. இரு சுற்றிலும் 15 முறை சிரமமில்லாமல் வந்தால், அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் வந்தால், அடுத்த நிறத்துக்குப் போகலாம்.

மார்பக அறுவைக்குப் பின் 'கை வீங்கிவிடும், எதையும் தூக்காதே' என்ற பழைய அறிவுரை இன்னும் ஓய்ந்தபாடில்லை. மேற்பார்வையோடு பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் அறுவைப் புண்ணில் நீர் வடிய வைத்த குழாய் இருக்கும்வரை அந்தக் கையில் பட்டை வேண்டாம்.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ, 20,000-க்குக் கீழே இறங்கிய தட்டணுக்களோ இருந்தால் பட்டையைத் தொடாதீர்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த அசைவு கூடாது என்பதை டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். முதுகை முறுக்கும் அசைவுகள் முதலில் விலக்கவேண்டியவை. கையில் பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகிய நீண்ட மெல்லிய குழாய்) இருந்தாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உண்டென்றால் லேடெக்ஸ் இல்லாத வகையைக் கேளுங்கள். நகமும் மோதிரமும் பட்ட இடத்தில்தான் கிழிசல் தொடங்கும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை தெரிந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலில் காயப்போட்டால் பிசுபிசுத்துப் போகும்.