பைக்காரா ஏரி: ஸ்பீடு போட் வேண்டாம், மோட்டார் போட் போதும்

எங்கள் தாத்தா கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் லைட் எரிந்தால் சாகும்வரை "பைக்காரா கரண்டு" என்றே சொல்வார். மேட்டூர், குந்தா மின்நிலையங்கள் எல்லாம் வந்த பிறகும் அவருக்கு எல்லாமே பைக்காராதான். அந்தப் பைக்காராவை 61 வயதில், போன மே மாதம்தான் பார்த்தேன்.

ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் 20 கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு மதியம் போனது என் தப்பு. ஒன்பதாவது மைலிலேயே வண்டி நகரவில்லை. வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், 2024 மே முதல் அது கட்டாயம்.

பேரன் ஸ்பீடு போட்தான் வேண்டுமென்று அடம்பிடித்தான். ஏறினோம். ஒரு வளைவு, முகத்தில் ஒரு வாளித் தண்ணீர், முடிந்தது. ஜெர்கின் ஊட்டி திரும்பும்வரை காயவில்லை. மறுபடி வரிசையில் நின்று மோட்டார் போட்டில் போனோம். அதுதான் சவாரி. சோலை தண்ணீர் ஓரம்வரை இறங்கி நிற்கிறது. மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மட்டும், ஆள் உயரத்துக்கு மேல், புல் பூண்டு இல்லாத செம்மண் பட்டை. வரிவரியாக, ஒவ்வொரு வாரமும் தண்ணீர் இறங்கிய தடம். "கோடையில இப்படித்தானுங்க, கீழ கரண்டுக்குப் போயிருது" என்றார் போட்காரர்.

கீழே என்றால் சிங்காரா மின்நிலையம். முக்குறுத்தி மலையில் பிறந்து வரும் ஆற்றை இங்கே தேக்கி, கிளன்மார்கனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து குழாயில் ஏறத்தாழ 3000 அடி இறக்குகிறார்கள். 1932-ல் ஓட ஆரம்பித்த மின்நிலையம் அது. அங்கே சுழன்றுவிட்டு வரும் தண்ணீரை விடுவதில்லை, மாயாறு மின்நிலையத்திலும் இன்னொரு தடவை வேலை வாங்குகிறார்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்கு இந்த ஆறே சாமி. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதால் அந்தச் செம்மண் வரிகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. போட்டில் இருந்த மற்ற ஏழு பேரும் செல்ஃபியில் இருந்தார்கள், அது அவர்கள் பாடு.

அருவிக்கும் போனோம். மே மாதத்தில் பாறைதான் அதிகம். அதைப் பார்க்க மழைக்காலத்தில் வாருங்கள். வெளியே ஒரு கடையில் டீ கேட்டோம், வெந்நீருக்குச் சாயம் போட்டுக் கொடுத்தார்கள். சுட்ட சோளம் தேவலை, மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தாராளம்.

வார நாளில், காலையில் போட் விடும்போதே போய்விடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள், படி இருக்கிறது. ஐந்துக்கு நான்கு. டீயைச் சேர்த்தால் மூன்றரை.