துப்பாக்கி இல்லாத கௌதாரி நாள்

தாத்தா நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை அடிவாரத்துக்குக் கௌதாரி சுடப் போன கதை எங்கள் வீட்டில் ஓயாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில பறவைகளைச் சுட உரிமம் கொடுத்தது; 1991 திருத்தத்தோடு அதுவும் போச்சு. எங்களுக்குக் கேமராதான். அதே மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தி பக்கம் போய்வர நாலு பேருக்கு 3,500 ரூபாய்க்கு ஒரு ஜீப் பேசினோம்.

ஐந்தரைக்குக் காட்பாடி வருவதாகச் சொன்ன வண்டி ஆறேகாலுக்குத்தான் வந்தது. வெயில் ஏறினால் பறவை புதருக்குள் போய்விடும், இது தெரியாமலா தொழில் செய்கிறார்கள்? பின் சீட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஓடைக்கல்லில் இறங்கியபோது என் தலை கூரையில் ணங்கென்று இடித்தது.

ஓட்டுநர் அண்ணன் மட்டும் தங்கம். காப்புக்காட்டுக்குள் நுழையாமல் வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக இஞ்சினை அணைத்தார். "பேசாதீங்க தம்பி, கேளுங்க." வேலிக்கு அப்பால் கௌதாரி கூவியது. அப்புறம் இரண்டு வெளியே வந்து வரப்பில் குடுகுடுவென ஓடின. சட்டென்று பறக்காது, ஓடத்தான் பார்க்கும். இறக்கை படபடக்கும் சத்தம் கேட்டது அவருடைய நாய் குரைத்த பிறகுதான். அந்த நாயை ஏன் கூட்டிவந்தார் என்று இன்னும் புரியவில்லை.

திரும்பும்போது கணியம்பாடியில் இட்லி. மறுபடி போவேன், நாய் வராது என்று முதலிலேயே பேசிக்கொண்டு.