காட்டு டாஃபடிலா, டென்பியா, கடைக் கலப்பினமா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் பிரிட்டனின் தோட்டக் கடைகளில், வசந்தத்தில் பெரும்பாலும் மஞ்சளாகப் பூக்கும் டாஃபடில் செடியின் கிழங்குகள் வலைப்பை வலைப்பையாக வந்து இறங்கிவிடும். ஒருமுறை புல்தரையில் நட்டுவிட்டால் போதும், வருடா வருடம் தானாகப் பூக்கட்டும் என்று நினைப்பவர்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: அந்த மண்ணுக்கே உரிய காட்டு டாஃபடில், வேல்ஸின் டென்பி டாஃபடில், அப்புறம் கடை நிறையக் கிடக்கும் கலப்பினங்கள். எது அழகு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். புல்லை எந்த மாதம் வெட்டுவீர்கள் என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைத்துவிடும்.

கலப்பினங்களை முதலில் முடித்துவிடுவோம். விலை குறைவு, கிழங்கு பெரிது, நட்ட அடுத்த வசந்தத்திலேயே பூத்துவிடும். 1899-ல் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் முதல்தரச் சான்றிதழ் பெற்ற 'கிங் ஆல்ஃப்ரெட்' பெயரை இன்றும் கடைகளில் பார்க்கலாம். பைக்குள் இருப்பது பெரும்பாலும் அதன் சாயலுள்ள வேறு ரகம்தான். பெரிய பூ கனத்த மழையில் தலைகுப்புறச் சாய்ந்துவிடும் என்பது என் குறை. கார்ன்வாலில் அலெக் கிரே உருவாக்கிய குட்டையான 'டெட்-அ-டெட்' அப்படிச் சாயாது, தொட்டிக்கும் அருமை. ஆனால் அது விதையால் பரவுவதில்லை. கிழங்கு பக்கத்தில் குட்டி போட்டு, நட்ட இடத்திலேயே கொத்தாகப் பெருகும்.

காட்டு டாஃபடில் வேறு மாதிரியான செடி. உயரம் ஓர் அடி தாண்டுவது அரிது. வெளியிதழ்கள் வெளிறிய மஞ்சள், நடுக் குழல் அடர் மஞ்சள். இந்த இரட்டை நிறம்தான் அதன் அழகு, அடையாளமும் அதுவே. க்ளஸ்டர்ஷயர் எல்லையில் டிமக், கெம்ப்ளி, ஆக்ஸன்ஹால் ஊர்களைச் சுற்றி இது காடும் வயலுமாகப் பூக்கும். ஒரு காலத்தில் அங்கிருந்து பூக்கட்டுகள் ரயிலேறி நகரங்களுக்குப் போயின; 'டாஃபடில் பாதை' என்று பெயரெடுத்த அந்த லெட்பரி–க்ளஸ்டர் ரயில் 1959-ல் நின்றுபோனது. வடக்கே யார்க்ஷயரின் ஃபார்ன்டேல் பள்ளத்தாக்கில் டவ் ஆற்றங்கரை முழுக்க இதே பூதான்.

அந்த இடங்களில் யாரும் கிழங்கு நட்டு வரிசை பிடிக்கவில்லை. காட்டு டாஃபடில் பெரும்பாலும் விதையால்தான் பரவுகிறது. கிழங்கு பிரிவது மெதுவாகத்தான் நடக்கும். விதை விழுந்து முளைத்தால் முதல் வருடம் புல் போல ஒற்றை இலைதான் வரும். பூ பார்க்க 4 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். ஆகவே காய் முற்றி வெடிக்கும்வரை, அதாவது ஜூன் கடைசிவரையாவது, அந்தப் பக்கம் புல்வெட்டி போகக்கூடாது. மே மாதமே வழித்துவிட்டால் நட்ட கிழங்குகள் பூத்துக்கொண்டிருக்கும், அடுத்த தலைமுறை வராது. அப்படி வெட்டுபவர் காட்டு டாஃபடிலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

மற்ற இரண்டுக்கும் இவ்வளவு பொறுமை வேண்டாம். பூ வாடிய பிறகு குறைந்தது ஆறு வாரம் இலையை விட்டுவைத்தால் போதும், கிழங்கு அடுத்த வருடத்துக்கான உணவைச் சேர்த்துக்கொள்ளும். இலைகளை அள்ளி முடிச்சுப் போடுவது மூன்றுக்குமே கெடுதல்.

இடையில் நிற்பது டென்பி. பெம்ப்ரோக்‌ஷயரைச் சேர்ந்த இதை 19-ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் தோண்டித் தோண்டியே ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள். குழலும் இதழும் ஒரே பொன்மஞ்சள். தண்டு விறைப்பாக நிற்கும். புல்லோடு போட்டி போட்டுத் தாக்குப்பிடிக்கும். காட்டுச் சாயலும் வேண்டும், ஜூன்வரை புல்லை வளரவிட அக்கம்பக்கம் ஒத்துக்கொள்ளாது என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

சரி, காட்டு டாஃபடில்தான் என்று முடிவு செய்தவர்கள் அதை எந்த வடிவில் வாங்குவது? காய்ந்த கிழங்குதான் மலிவு. ஆனால் அது சின்ன வெங்காயம் போலச் சிறியது, கடையலமாரியில் சீக்கிரம் சுருங்கிவிடும். செப்டம்பரிலேயே வாங்கி, கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் உடனே நட வேண்டும். நவம்பர் தள்ளுபடியில் கிடைப்பதைத் தொடவே வேண்டாம். வசந்தத்தில் தொட்டியில் பூத்த நிலையில் வாங்குவது விலை அதிகம். ஆனால் இரட்டை நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதால் பத்துச் செடியாவது இப்படி வாங்குவது நல்லது. காட்டில் போய்த் தோண்டுவது பேச்சுக்கே இடமில்லை: நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்குவது 1981 வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று, விஷம். கிழங்கில் லைகோரின் இருப்பதால் அணில் சீண்டாது, ட்யூலிப்பைத்தான் தேடிப்போகும். அதே காரணத்தால் வாங்கி வந்த பையைச் சமையலறை வெங்காயக் கூடையருகே வைக்கக்கூடாது.

வீட்டுக்கு அருகே இயற்கையாகக் காட்டு டாஃபடில் பூக்கும் காடு இருக்கிறதா? அப்படியானால் வேலியோரத்தில் கலப்பினம் நடாதீர்கள், அதன் மகரந்தம் காட்டுச் செடிகளோடு கலந்துவிடும். புல்வெட்டியை ஜூலைவரை நிறுத்திவைக்க முடிந்தவர்கள் காட்டு டாஃபடிலோடு இலையுதிர்காலத்தில் யெல்லோ ராட்டில் விதையையும் தூவலாம். புல்லின் வேரை உறிஞ்சி வாழும் அந்தச் சிறுசெடி புல்லின் வீரியத்தைக் குறைத்து, டாஃபடில் நாற்றுகளுக்கு இடம் விடும்.