எம்.எஸ்சி. நர்சிங்குக்கான இம்யூனாலஜி ஆன்லைன் வகுப்பு: வாங்கலாம், ஆனால் 17ஆவது வீடியோவைக் கவனியுங்கள்

முதுநிலை நர்சிங் படிக்கிறவர்களுக்கென்றே நடத்தப்படும் இம்யூனாலஜி (உடம்பின் எதிர்ப்பாற்றல் பற்றிய பாடம்) ஆன்லைன் வகுப்பு ஒன்றைப் போன மாதம்தான் முழுதாகப் பார்த்து முடித்தேன். 22 வீடியோ, 2,800 ரூபாய், ஆறு மாதம் வரை பார்க்கலாம், தமிழும் ஆங்கிலமும் கலந்து நாம் வார்டில் பேசுகிற மாதிரியே நடத்துகிறார்கள். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை அவர்களுக்கே எழுதிவிட்டேன். ஆனால் இந்த மாதிரி எந்த வகுப்பில் சேர்ந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதற்கு இது உதவும்.

நான் ஏழு வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். பி.எஸ்சி.யில் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி (எதிர்ப்பாற்றல் அளவுமீறி வேலை செய்து உடம்பையே கெடுப்பது) நான்கு வகை, கெல், கூம்ப்ஸ் என்ற இருவர் 1963இல் வகுத்தது என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியதோடு சரி, எந்த வகை எந்தப் பெட்டில் படுத்திருக்கிறது என்று யாரும் காட்டித் தரவில்லை. இந்த வகுப்பின் பலமே அங்கேதான். நடத்துகிற மேடம் ராணுவம், போலீஸ், எதிரி என்ற வழக்கமான உவமை எதையும் எடுக்கவில்லை. அந்த உவமை ஜலதோஷத்தை விளக்கப் போதும், லூபஸ் (எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்கும் நோய்) வந்த பெண்ணின் கிட்னி ஏன் கெடுகிறது என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக மேடம் ஒவ்வொரு வகைக்கும் முதலில் போர்டில் நேரத்தை எழுதுகிறார்: சில நிமிடம், சில மணி, சில நாள். நர்சுக்குப் பயன்படுவது அதுதான், நோயாளியின் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்கிறவர்கள் நாம்தானே.

மூன்றாவது வகைக்கு அவர் எடுத்த உதாரணம் பாம்புக்கடி. என்னை உட்கார வைத்துவிட்ட வீடியோ அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து நாம் போடும் மருந்து, குதிரையின் உடம்பில் உருவான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். அதற்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருவதிலிருந்து ஆரம்பிக்கிறார். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏன் ஒரே அளவு (பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை), டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பது ஏன் பயன் தராது (அந்த உடனடி ரியாக்‌ஷனில் பெரும்பாலானவை ஐஜிஇ என்ற அலர்ஜி ஆன்டிபாடி வழியாக வருவதே இல்லை, தோலில் போட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்) என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் வருகிறார் சீரம் சிக்னஸுக்கு. குதிரைப் புரதத்துக்கு எதிராக நம் உடம்பு ஆன்டிபாடி செய்ய ஒரு வாரம் போல ஆகும். இரண்டும் கோத்துக்கொண்டு சின்னச் சின்னக் கட்டியாக ரத்தத்தில் சுற்றி மூட்டிலும் கிட்னியிலும் தோலிலும் படியும், அங்கே காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் வேலையைத் தொடங்கும். பிர்கே, ஷிக் என்ற இரண்டு டாக்டர்கள் 1905லேயே குழந்தைகளிடம் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். வயலில் கண்ணாடி விரியன் கடித்து, மருந்தெல்லாம் ஏறி, நன்றாகி வீட்டுக்குப் போனவன், ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு வந்தான். முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வீக்கம், முதுகு முழுக்கத் தடிப்பு. “சிஸ்டர், விஷம் இன்னும் இறங்கலயா?” என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டாக்டர் மாத்திரை எழுதினார், பையனும் தேறினான், ஆனால் அந்த அம்மாவுக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இது விஷம் இல்லை அம்மா, மருந்துக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பு, அடங்கிவிடும் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியும். டிஸ்சார்ஜ் செய்யும்போதே இரண்டு வாரத்துக்குள் இப்படி வந்தால் உடனே வாருங்கள் என்றும் சொல்லி அனுப்புவேன். 2,800 ரூபாய்க்கு எனக்கு இந்த ஒரு வீடியோவே போதும்.

நான்காவது வகைக்கு உதாரணம் மான்டூ, காசநோய்த் தொற்றுக்கான தோல் ஊசிச் சோதனை. 48இலிருந்து 72 மணி நேரம் ஏன் காத்திருக்க வேண்டும் என்றால் அங்கே வேலை செய்வது ஆன்டிபாடி இல்லை, டி செல் என்ற வெள்ளணு, அது வந்து கூடி மேக்ரோஃபேஜை (விழுங்கி அழிக்கும் செல்) அழைக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். கேமராவை முன்கைக்கு மிக நெருக்கமாக வைத்துக் காட்டுகிறார்கள்: பால்பாயின்ட் பேனாவைத் தோலில் வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இழுத்து, தட்டுப்படுகிற இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலும் அப்படியே செய்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். சிவப்பை அளக்கக்கூடாது, தடிப்பை மட்டும். சிவப்பையும் சேர்த்து அளந்து எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வகையில் ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் பெட்டை விட்டு நகராதே என்பதன் காரணமும், ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்க்குப் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவதன் காரணமும் தெளிவாக வருகின்றன. ஆட்டோஇம்யூன் பகுதி சுமார்தான். மயஸ்தீனியா (தசை பலமிழக்கும் நோய்) நோயாளிக்கு பைரிடோஸ்டிக்மின் மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பே நேரம் தவறாமல் ஏன் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாக இருந்தது: விழுங்கும் தசைக்குப் பலம் வந்த பிறகு சாப்பிட்டால்தான் புரையேறாது.

எதிர்ப்பாற்றல் குறைபாட்டை ஒரே வீடியோவில் அவசரமாக முடித்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986இல் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் ரத்த மாதிரி சேகரித்துக் கண்டறிந்தார்கள். அந்த ஊரில் படிக்கிற நர்சுகளுக்கு சிடி4 (ஹெச்.ஐ.வி. தாக்கும் வெள்ளணு) எண்ணிக்கை 200க்குக் கீழே போனால் என்னென்ன தொற்று வரும், வார்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று இன்னும் இரண்டு வீடியோவாவது வேண்டாமா?

சரி, அந்தப் பெரிய குறைக்கு வருகிறேன். 17ஆவது வீடியோ, முதல் வகையில் வரும் அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான திடீர் அலர்ஜி) வந்தால் நர்ஸ் செய்ய வேண்டியவை. ஸ்லைடில் முதல் வரி அவில் (அலர்ஜி மருந்து), இரண்டாவது ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு), நான்காவது வரியில்தான் அட்ரினலின். முந்தைய வீடியோக்களில் மாஸ்ட் செல் (அலர்ஜி ரசாயனத்தை வைத்திருக்கும் செல்) எப்படி உடைகிறது, ரத்தக்குழாய் எப்படித் தளர்ந்து கசிகிறது என்று அவ்வளவு அழகாகச் சொன்னவர்கள் இங்கே வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது, பிபியை ஏற்றாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். ரத்தக்குழாயைச் சுருக்கி, மூச்சைத் திறந்து, மாஸ்ட் செல்லையும் அடக்குவது அட்ரினலின் ஒன்றுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் ஒரு அக்கா உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே “தொண்டைய அடைக்குது சிஸ்டர்” என்றார். குரல் மாறிவிட்டது. என் கை நேராக அவில் ஆம்பூலுக்குத்தான் போனது, எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அதுதான். டூட்டி டாக்டர் ஓடி வந்து அட்ரினலின் போடச் சொன்னார். எழுந்து உட்காரப் பார்த்த அந்த அக்காவைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தோம், இரண்டாவது டோஸுக்குப் பிறகு குரல் திரும்பியது. அந்த அவில் ஆம்பூலைத் தேடிய அரை நிமிடம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்த ஸ்லைடைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளின் கையும் அங்கேதான் போகும்.

எழுதிக் கேட்டதற்கு “அடுத்த முறை மாற்றுகிறோம்” என்று பதில் வந்தது, இன்று காலை பார்த்தபோதும் அதே ஸ்லைடுதான். மற்ற வீடியோக்களுக்காகச் சேருங்கள், முதல் வருஷத்திலேயே சேர்ந்தால் இன்னும் நல்லது. 17ஆவதில் அந்த ஸ்லைடு வந்ததும் நிறுத்திவிட்டு உங்கள் நோட்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்: பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பூலில் பாதி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், தசையில். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு முறை.