லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று சொல்லி விற்கும் மைலேஜ் பெட்டி: குரூசர் வைத்திருப்பவர்கள் கவனம்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் பெரிய குரூசர் பைக் (நிமிர்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டும் கனமான வண்டி) ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மைலேஜைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லி, சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி 8,500 ரூபாய் வாங்குகிறார்கள். என் வண்டிக்கும் மாட்டினார்கள். மைலேஜ் கூடவில்லை. ஒயரிங் கெட்டது, இன்ஜின் தாறுமாறாகச் சூடேறியது, ஒயரிங்குக்கு இருந்த வாரண்டியும் போனது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயரில் பல இடங்களில் கிடைக்கிறது. அதனால் அவர்கள் எப்படி நம்ப வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

என்னுடையது ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650. இரண்டு சிலிண்டர், 648 சிசி, எடை 241 கிலோ. ஊருக்குள் 22, ஹைவேயில் 25, 26 என்று கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த எடைக்கு அது நியாயமான மைலேஜ். ஆனால் பம்புகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலேயே, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த இருசக்கர வாகனங்களில், 20 சதவீதக் கலவையை ஊற்றினால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று போட்டிருக்கிறது. 25 கொடுக்கும் வண்டிக்கு இது ஒரு கிலோமீட்டர். இந்த ஒரு கிலோமீட்டர் கவலையைப் பிடித்துக்கொண்டுதான் பெட்டிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

"ஏனுங்ண்ணா, இத்தன பெரிய வண்டிய வெச்சுட்டு 24, 25-ன்னு ஓட்டிட்டு இருக்கறீங்க? நம்ம பெட்டிய மாட்டிப் பாருங்க. 35-க்கு ஒரு பொட்டு கொறஞ்சாலும் காசு வாபஸ்ங்க." கடைக்காரர் பேச ஆரம்பித்தது இப்படித்தான். பேச்சோடு கணக்கும் போட்டுக் காட்டினார். மாதம் ஓடும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 40 லிட்டர் குடிக்கிற வண்டி 29 லிட்டரில் முடித்துவிடும், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, எட்டு மாதத்தில் பெட்டிக் காசு வந்துவிடும். கூடவே பெட்ரோல் பைப்பில் கவ்வி வைக்க இரண்டு காந்தத் துண்டுகள் இலவசம். காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் காந்தத்துக்கு மசியும் பொருளே அல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் மிச்சக் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டதைப் பரிசீலித்திருக்கிறது. சொன்னபடி மிச்சம் செய்தவை அநேகமாக இல்லை. ஏதோ கொஞ்சம் மிச்சம் செய்தவற்றிலும் சில, புகையைக் கூட்டின.

நான் வெறும் பேச்சை நம்பிக் காசு கொடுக்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவர்களும் ஓட்டிக் காட்டினார்கள். இந்தப் பதிவில் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அந்த டெஸ்ட் ரைடைத்தான்.

பெட்டியை மாட்டி, சூலூரில் ஒரு பம்பில் டேங்கை நிரப்பினோம். கடைப் பையன் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். பம்ப் தானாக நின்ற பிறகும் விடாமல், சொட்டுச் சொட்டாகக் கழுத்து வரைக்கும் விடச் சொன்னான். அப்புறம் பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நான் என் வண்டியில், அவன் அவனுடைய வண்டியில் முன்னால். "60-அத் தாண்டாதீங்கண்ணா, பெட்டி செட் ஆகோணும்" என்றான். கரூரில் மறுபடி நிரப்பும்போது வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. முதல் தடவை டக் என்று பம்ப் நின்றதும் பெட்ரோல் கன்னைப் பிடுங்கி மூடியைப் போட்டுவிட்டான். கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 36-க்கும் மேல் வந்தது.

இதில் மூன்று வித்தை இருக்கிறது. மூன்றும் பெட்டிக்குச் சம்பந்தமில்லாதவை.

முதலாவது, டேங்க் நிரப்பிய விதம். நிமிர்ந்து நிற்கும் வண்டியில் கழுத்து வரைக்கும் போகும் பெட்ரோல், சாய்ந்து நிற்கும் வண்டியில் முதல் கட்-ஆஃபில் போகாது. அரை லிட்டர் வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். உண்மையில் 31 கொடுத்த வண்டி நூறு கிலோமீட்டருக்கு 3.2 லிட்டர் குடித்திருக்கும். அரை லிட்டரைக் குறைத்து நிரப்பினால் பில்லில் 2.7 லிட்டர்தான் தெரியும். 36-ஐத் தாண்டிவிடும்.

இரண்டாவது, அந்த 60 வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போகும்போது இருக்கும் எதிர்ப்பைவிட 100-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல். குரூசரில் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சை விரித்து, காலை முன்னால் நீட்டி ஓட்டுகிறோம். பெரிய விண்ட்ஷீல்டு, சைடு பெட்டிகள் எல்லாம் இருந்தால் எதிர்ப்பு இன்னும் கூடலாம். எந்தப் பெட்டியும் இல்லாமலே டாப் கியரில் சீராக 60-ல் போனால் மைலேஜ் எகிறத்தான் செய்யும்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது, காற்று. நாங்கள் போனது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வரும் மேல்காற்று அப்போது எப்படி அடிக்கும் என்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். சூலூரில் இருந்து கரூர் போவது கிழக்கே, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பின்னால் இருந்து தள்ளினால், 60-ல் போகும் வண்டி உண்மையில் 30 கிலோமீட்டர் காற்றைத்தான் கிழிக்கிறது. எதிர்ப்பு நாலில் ஒரு பங்கு. அதே காற்றில் கரூரில் இருந்து 80-ல் மேற்கே திரும்பினால் 110 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாததற்கு, கோவை கடல்மட்டத்தில் இருந்து 400 மீட்டர் உயரம், கரூர் 120 மீட்டர் அளவுதான். இறக்கத்தால் கிடைப்பது கொஞ்சம்தான், காற்றால் கிடைப்பதுதான் பெரிது. ஆனால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து வேலை செய்தன. திரும்பி வரும்போது அவன் பெட்ரோலே அளக்கவில்லை. "அதான் பாத்தாச்சுங்களே" என்று முடித்துவிட்டான்.

யாராவது உங்களுக்கு ஓட்டிக் காட்டுகிறேன் என்றால், போன ரோட்டிலேயே திரும்பி வந்து, கிளம்பின பம்பிலேயே, அதே மெஷினில், வண்டியை அதே மாதிரி நிறுத்தி நிரப்பச் சொல்லுங்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

சரி, மைலேஜ் கூடாமல் போனதோடு முடிந்திருந்தால் காசு போனது என்று விட்டிருப்பேன். தாளவாடியில் ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்கு வீட்டம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு திம்பம் ஏறினேன். பண்ணாரி தாண்டி மேலே 27 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி திக்கித் திக்கி இழுத்தது. இன்ஜினில் 'கிட கிட' என்று தட்டும் சத்தம். கையை விட்டால் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடித்தது. கால் பக்கத்தில் வீசிய அனல் வழக்கத்துக்கு மேல். மேலே போய்ச் சேருவதற்குள் மீட்டரில் இன்ஜின் லைட் வந்துவிட்டது.

எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், பழைய மெக்கானிக், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். இரண்டு பிளக்கின் முனையும் வெளுத்து, ஓரத்தில் பொரிந்திருந்தது. "தம்பி, பெட்ரோல் பத்தாம காஞ்சு எரியுது. இத யாரு கை வெச்சது?" என்றார். சீட்டைத் தூக்கினால், ஆக்ஸிஜன் சென்சாருக்குப் போகும் ஒயரையும், உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரையும் நடுவில் சுரண்டி, முறுக்கி, கருப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். பெட்டியை உடைத்துப் பார்த்தோம். கருப்புப் பிசினுக்குள் சில ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், வெளியே தெரிகிற மாதிரி ஒரு பச்சை லைட். 8,500 ரூபாய்க்கு உள்ளே இருந்தது அவ்வளவுதான்.

அது செய்கிற வேலை இதுதான். புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்த புகையைப் பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சீராக ஓடும்போது கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. பெட்டி நடுவில் உட்கார்ந்து, பெட்ரோல் கூடிப்போச்சு என்று பொய் சொல்கிறது. ருசி பார்க்கிற கரண்டியில் யாரோ உப்பைத் தூவி வைத்தால், சமைக்கிறவர் குழம்பில் உப்பே போடாமல் விட்டுவிடுவார் அல்லவா, அதே கதை. காற்று சூடாக இருக்கிறது என்று இன்னொரு பக்கம் பொய் சொன்னால், சூடான காற்று லேசானது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை மேலும் குறைக்கும். இந்த இன்ஜினைக் காற்றும் ஆயிலும்தான் குளிர வைக்கின்றன, தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. மலை ஏறும்போது கலவை காய்ந்து எரிந்தால் வால்வும் பிஸ்டனும்தான் அடி வாங்கும். இழுவை குறைவதால் நாமும் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்குவோம். கடைசியில் எனக்குக் கிடைத்தது லிட்டருக்கு 23.

அந்தக் கடைக்காரர் சொன்ன இன்னொரு யோசனையும் பயங்கரமானது. "எறக்கத்துல நியூட்ரல் போட்டு உட்டுருங்கண்ணா, பெட்ரோலே ஆகாது." தயவுசெய்து இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடினால், இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். இன்ஜினைச் சக்கரம் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓடுவதற்குப் பெட்ரோல் குடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் உயிர். 241 கிலோ வண்டி, இரண்டு பேர், லக்கேஜ். வால்பாறையில் இருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி இறங்கும்போது இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழுக்கப் பிரேக்கை மட்டும் நம்பினால், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

கடையில் போய்க் கேட்டேன். முதலில் "ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனாத்தான் செட் ஆகும்" என்றார். அப்புறம் "எத்தனால் பெட்ரோல், நாங்க என்னங்க பண்றது" என்றார். காசு வாபஸ் என்ற பேச்சே இல்லை. கையில் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. நல்ல வேளை, பணத்தை யுபிஐ-யில் அனுப்பியிருந்தேன், 35 வரும் என்று வாட்ஸ்அப்பில் அவர் எழுதியதும் இருந்தது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதனால் எதை வாங்கினாலும் முறையான பில் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டரில், வெட்டிய ஒயரிங்குக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். அவர்கள் பக்கம் அது சரிதான். ஒயரிங்கைக் கைக்காசு போட்டு மாற்றினேன்.

இப்போது வண்டி பழையபடி 25 கொடுக்கிறது. 80-ஐத் தாண்டாமல் போனால் 28-ம் வருகிறது. அதற்காகப் புதிதாக எதுவும் மாட்டவில்லை. காலையில் டயர் ஆறியிருக்கும்போது புத்தகத்தில் போட்ட அளவுக்குக் காற்று. செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு, சரியான தொய்வில் வைத்தது. பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றியபோது பிரேக் பேட் உரசிக்கொண்டிருந்தது. காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் தாராளமாகச் சுற்றியது. குவாரிப் பக்கம் போய் வருவதால் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது, மாற்றினேன். இதில் எதுவும் 35-ஐக் கொண்டுவராது, யாராலும் கொண்டுவரவும் முடியாது.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை மாட்டியவர்கள் இன்றைக்கே கழற்றுங்கள். ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்துச் சாலிடர் செய்யச் சொல்லுங்கள், அல்லது கனெக்டரோடு புதிதாக மாற்றுங்கள். ஸ்கேனரை மாட்டி எரர் கோடை அழித்து, பிளக்கைக் கழற்றி முனை வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்திருந்தால் வால்வு கிளியரன்ஸையும் கம்ப்ரஷனையும் செக் செய்யாமல் மலைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.