எம்.எல்.எஸ்.டி.யா, முழு மரபணு வாசிப்பா?

வெள்ளவத்தைக் கடையொன்றில் சோற்றுப் பார்சல் வாங்கிச் சாப்பிட்ட பலருக்கும் வயிற்றோட்டம், எல்லோரிடமும் சல்மொனெல்லா என்று வைத்துக்கொள்வோம். பரவியது அந்தக் கிருமியின் ஒரே வகைதானா? கண்டுபிடிக்க இரண்டு வழிகள்.

1998இல் அறிமுகமான எம்.எல்.எஸ்.டி. (MLST) என்ற வகைப்படுத்தும் முறை கிருமியின் ஏழு மரபணுத் துண்டுகளை, சுமார் 3,300 டி.என்.ஏ. எழுத்துகளை மட்டுமே பார்க்கும். விடை எஸ்.டி. எனப்படும் ஒரு வகை எண். கொழும்பிலும் லண்டனிலும் அதே எண்தான், ஒப்பிடச் சுகம். ஆனால் எஸ்.டி.19 உலகெங்கும் இருக்கிறது. நோயாளிக்கும் கடைக்கும் அந்த எண் பொருந்தினால் மட்டும் கடையைக் குற்றம் சொல்லிவிட முடியுமா?

முழு வாசிப்போ கிருமியின் டி.என்.ஏ. முழுவதையும், ஏறக்குறைய 48 இலட்சம் எழுத்துகளை, ஒப்பிடும். ஓரெழுத்து மாறினாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். மருந்து எதிர்ப்பு மரபணுக்களும், ஏன், அந்த எஸ்.டி. எண்ணும்கூட அதிலேயே கிடைக்கும். சரி, தரவை அலசத் தெரிந்த ஆள்? இயந்திரம் வாங்குவதைவிட அதுதான் பெரிய தலையிடி. அப்படியிருந்தும், கடையைப் பூட்டுவதா என்ற கேள்வி வந்தால் நான் கேட்பது முழு வாசிப்பைத்தான்.